வேதியியல் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தகைவிலான்: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் அறிவியல் கண்காட்சியின் தேர்வுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்:

சென்ற மாதம் தென்னாப்பிரிக்காவின் வெருலத்தைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பறவைகள் பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறிவதைப் பற்றிச் செய்த ஆய்வுத் திட்டத்தை வேதியியல் பிரிவிலிருந்து நீக்கித் திருப்பி அனுப்பினீர்கள். நீங்கள் எழுதிய காரணம் இரண்டு வரிதான்: தலைப்பு பறவைகளைப் பற்றியது என்பதால் வேதியியலுக்கு உரியதன்று, வேதிப்பொருள்கள் எவையும் பயன்படுத்தப்படவில்லை. உயிரியல் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அவளுடைய தந்தை தொலைபேசியில் கேட்டபோது அங்கே இடம் நிறைந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆக, எட்டு மாத உழைப்புக்கு உங்கள் மண்டபத்தில் ஒரு மேசைகூட இல்லை என்று ஆயிற்று.

சாட்ஸ்வர்த்திலும் வெருலத்திலும் 34 ஆண்டுகள் இயற்பியலும் வேதியியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமைதோறும் அந்த மாணவிக்கு வழிகாட்டியவனும் நானே. ஆகவே இதில் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மூன்று வாரங்களுக்கு முன் உங்களுக்குத் தனியாக எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததால்தான் இதைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் முடிவு தவறானது என்பதோடு, அதற்குக் காட்டிய இரண்டு காரணங்களில் ஒன்று அறிவியலுக்கும் மற்றொன்று உண்மைக்கும் பொருந்தவில்லை என்பதே என் முறையீடு.

கேள்வி அவளுக்கு எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பலர் டொங்காட், வெருலம் பக்கத்தவர்கள்; மவுன்ட் மோர்லாண்டை அறிவீர்கள். கிங் ஷாகா விமான நிலையத்துக்கு அருகே, லேக் விக்டோரியா என்று பெயர் பெற்ற அந்த நாணற்சதுப்பில், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாலைதோறும் தகைவிலான்கள் (swallow எனப்படும் வலசைக் குருவிகள்) வந்து அடைகின்றன. 30 லட்சம் வரை இருந்ததாக ஒரு கணக்கு உண்டு. 2010இல் விமான நிலையம் திறக்கப்படுவதற்கு முன்பே இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்து, இறுதியில் பறவைகளைக் கண்டறியும் ரேடார் ஒன்று வைக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். கரும்புத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் ஆயா இவற்றை மழைக்குருவி என்பார். அவை எங்கிருந்து வருகின்றன என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. 1911இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் காலில் வளையம் மாட்டி விடப்பட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் நம் நட்டாலின் உட்ரெக்ட் பகுதியில் ஒரு பண்ணையில் பிடிபட்டது என்பதை நானே ஆசிரியராகி வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அந்த மாணவி அங்கே ஒரு மாலை நின்றுவிட்டு வந்து என்னிடம் கேட்டது, "இவற்றுக்கு வழி எப்படித் தெரிகிறது?" என்பதன்று. "நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது இவற்றின் திசைகாட்டி குழம்பாதா?" என்றே கேட்டாள். 34 ஆண்டுகளில் அப்படி ஒரு கேள்வியை நான் மாணவர்களிடமிருந்து அதிகம் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் என் வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதை இருந்தது. நான் படித்த பள்ளியில், நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்தாறு திசைகாட்டிகள் இருந்தன. எல்லாம் பிரிட்டனிலிருந்து வந்தவை. எப்படி வைத்தாலும் ஊசியின் தெற்கு முனை அடித்தட்டில் உராய்ந்து நின்றுவிடும். ஆசிரியர் கண்ணாடியைத் தட்டித் தட்டி ஊசியை நகர்த்துவார். கருவி பழுது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். பழுது கருவியில் இல்லை. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடுவதில்லை: வட பாதியில் அவை நிலத்துக்குள் சரிந்து இறங்குகின்றன, நம் பாதியில் நிலத்திலிருந்து சாய்வாக மேலெழுகின்றன. வட நாட்டுக்கென்று செய்த ஊசியில், வடக்கு முனை தாழ்ந்துவிடாமல் இருக்கத் தெற்கு முனைக்குச் சற்று எடை கூட்டியிருப்பார்கள். அதே ஊசி இங்கே வந்தால் தெற்கு முனை இரட்டிப்பாகத் தாழும். பிற்காலத்தில் நான் வடக்கு முனையில் ஒரு துளி மெழுகை ஒட்டி அவற்றைச் சரிசெய்து பாடம் நடத்தியிருக்கிறேன். காந்தச் சரிவு என்று பாடநூல் சொல்லும் இந்தக் கோணத்தை அந்த மாணவி தன் வீட்டிலேயே அளந்தாள். தையல் ஊசி ஒன்றை நூலில் சமமாகத் தொங்கவிட்டு, பின் அதைக் காந்தமாக்கி மீண்டும் தொங்கவிட்டால், அது 60 பாகைக்கு மேல் சாய்கிறது. ஐந்து நாள், நாளுக்குப் பத்து அளவீடு என்று அட்டவணை போட்டிருக்கிறாள். நீங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் பார்த்திருப்பீர்கள்.

பறவையின் திசைகாட்டி இந்தச் சரிவைத்தான் படிக்கிறது என்பது 1972இல் பிராங்க்பர்ட்டைச் சேர்ந்த வோல்ஃப்காங் வில்ட்ஷ்கோவும் ரோஸ்வித்தா வில்ட்ஷ்கோவும் ஐரோப்பிய ராபின் என்னும் சிறு வலசைப் பறவைகளைக் கொண்டு காட்டிய முடிவு. கூண்டைச் சுற்றிய கம்பிச் சுருள்களால் காந்தப்புலத்தின் கிடைக்கூறை மட்டும் திருப்பினால் பறவை எதிர்த்திசை நோக்கும். செங்குத்துக் கூறை மட்டும் திருப்பினாலும் எதிர்த்திசை நோக்கும். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் பழைய திசையிலேயே நிற்கும். வடக்கு எது, தெற்கு எது என்பது அதற்குத் தெரியாது. துருவத்தின் பக்கம் எது, நடுக்கோட்டின் பக்கம் எது என்பதே தெரியும். அப்படியானால் நடுக்கோட்டைத் தாண்டியதும் அதே குறிப்பை அது தலைகீழாகப் படிக்க வேண்டும். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், தோட்டக் கதிர்க்குருவிகளைச் சரிவே இல்லாத, நடுக்கோட்டில் இருப்பதைப் போன்ற கிடைப்புலத்தில் வைத்திருந்து பிறகு சோதித்தபோது, அவை உண்மையிலேயே அப்படித் தலைகீழாகப் படித்தன. மாணவியின் கேள்விக்குக் கிடைத்த விடை இது. இதுவரை உள்ளதை நீங்கள் பறவையியல் என்றோ இயற்பியல் என்றோ சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அவள் இங்கே நிற்கவில்லை. எந்தக் காந்த ஊசிக்கும் தன் இரு முனைகளும் வேறுவேறு என்று தெரியும். பறவைக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது வேதியியல்தான். புலத்தை முன்னும் பின்னுமாகத் திருப்பினாலும் வேறுபாடு காட்டாத, கோணத்துக்கு மட்டும் வேறுபாடு காட்டும் ஒரு நிகழ்வு வேதிவினைகளில் உண்டு. இணையற்ற எலெக்ட்ரான் கொண்ட துணுக்குகளை ரேடிக்கல் என்கிறோம். ஒரே கணத்தில் இரண்டு ரேடிக்கல்கள் சோடியாகப் பிறக்கும்போது, அவற்றின் எலெக்ட்ரான்கள் இரண்டும் தற்சுழற்சியில் எதிரெதிராகவோ ஒரே பக்கமாகவோ இருக்கலாம். அந்த இரு நிலைகளுக்கும் இடையே அவை மாறி மாறி ஊசலாடிக்கொண்டே இருக்கும். எந்த நிலையில் இருக்கும்போது வினை முடிகிறது என்பதைப் பொறுத்து விளைபொருள் மாறும். தராசு முள் ஆடிக்கொண்டிருக்கும்போது விரல் நுனி பட்டால் போதும், அது எங்கே நிற்கும் என்பது மாறிவிடுகிறதல்லவா? அதுபோல, அந்த ஊசலாட்டத்தின் மேல் படியும் மிக மெல்லிய காந்தப்புலமும் விளைபொருள்களின் விகிதத்தை மாற்றிவிடும்.

மெல்லிய என்று சொன்னது சும்மா இல்லை. பூமியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான்; நம் நாட்டில் அது 30க்கும் கீழே. ஒரு மூலக்கூறின் மேல் அது செலுத்தக்கூடிய ஆற்றல், அதே மூலக்கூறு வெறும் வெப்பத்தால் துள்ளிக்கொண்டிருக்கும் ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறியதொரு கை எப்படி ஒரு வேதிவினையைத் தொட முடியும் என்பதுதான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் பீட்டர் ஹோர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி. அவர் பறவைகளைப் பிடித்து வளர்ப்பவர் அல்லர். அவருடைய துறை வேதியியல். பறவைகளோடு பழகும், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக உயிரியலாளர் ஹென்ரிக் மோரிட்சனோடு கைகோத்துத்தான் இந்த ஆய்வு நடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் கிளாவுஸ் ஷுல்டன். 1970களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ரேடிக்கல் சோடிகளின் மேல் காந்தப்புலத்தின் விளைவை ஆராய்ந்துகொண்டிருந்த இவர், பறவையின் திசைகாட்டி இப்படிப்பட்ட ஒரு வேதிவினையாக இருக்கலாம் என்று எழுதி அமெரிக்காவின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தது. துணிச்சல் குறைந்த ஓர் அறிவியலாளராக இருந்தால் இந்த எண்ணத்தைக் குப்பைக்கூடையில் போட்டிருப்பார் என்று மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருந்ததாக ஷுல்டனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1978இல் அந்தக் கட்டுரை ஜெர்மனியில் வெளியானது. வெளியிட்டது பறவையியல் இதழன்று, இயற்பு வேதியியலுக்கான இதழ். வேதியியலுக்கு உரியதன்று என்று நீங்கள் தள்ளிய கருத்து முதன்முதலில் அச்சேறியதே ஒரு வேதியியல் இதழில்தான்.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஷுல்டன் எழுதியபோது கண்ணில் எந்த மூலக்கூறு இதைச் செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. 1993இல் தாவரங்களில் கிரிப்டோகுரோம் என்னும் ஒளியுணர் புரதம் அடையாளம் காணப்பட்டது. அது பறவையின் விழித்திரையில் இந்த வேலையைச் செய்யலாம் என்று 2000இல் தோர்ஸ்டன் ரிட்ஸும் ஷுல்டனும் முன்மொழிந்தார்கள். அதில் ஃபிளேவின் என்னும் மஞ்சள் நிற மூலக்கூறு பொதிந்திருக்கிறது. நீல ஒளி பட்டதும், அதே புரதத்தில் பக்கத்திலுள்ள டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஓர் எலெக்ட்ரான் ஃபிளேவினுக்குத் தாவும். அந்த இடத்தை அடுத்த டிரிப்டோஃபேன் நிரப்பும். கரும்பு வயலில் வைத்த தீ வீட்டுப் பக்கம் திரும்பும்போது வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவோமே, அதுபோல் நான்கு டிரிப்டோஃபேன்கள் வழியாகக் கைமாறி, இரண்டு கோடியிலும் ஒவ்வோர் இணையற்ற எலெக்ட்ரான் நிற்கும். 2008இல் ஹோரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செயற்கையாகக் கட்டிய ஒரு மூலக்கூறில், பூமியின் புலம் அளவுக்கே மெல்லிய புலமும் வினையை மாற்றுகிறது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே வேதியியல் திசைகாட்டி என்ற சொல் இருக்கிறது. 2021இல் ராபினின் கிரிப்டோகுரோம்4 புரதத்தையே பாக்டீரியாவில் விளைவித்துப் பிரித்தெடுத்து, நான்கு டிரிப்டோஃபேன்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எலெக்ட்ரான் ஓட்டம் எங்கே நிற்கிறது என்று அளந்தார்கள். வலசை போகாத கோழியின் புரதத்தையும் புறாவின் புரதத்தையும்விட ராபினின் புரதம் காந்தப்புலத்துக்கு அதிகமாக அசைந்தது.

ஓல்டன்பர்க்கில் நடந்த இன்னொன்றையும் மாணவி தன் பதாகையில் எழுதியிருக்கிறாள். பல்கலைக்கழக வளாகத்து மரக்குடில்களில் ராபின்கள் ஆண்டுக்கணக்கில் திசை தெரியாமல் தடுமாறின. குடில்களின் உட்புறம் அலுமினியத் தகடுகளைப் பதித்து நிலத்தோடு இணைத்ததும் திசை பிடிபட்டது. நில இணைப்பைக் கழற்றியதும் மீண்டும் போயிற்று. 2014இல் வெளியான முடிவின்படி, சுமார் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, நகரத்து மின்கருவிகள் உமிழும் மிக மெல்லிய இரைச்சலே காரணம். கைப்பேசிக் கோபுரங்கள் இந்த அலைவரிசையில் இல்லை என்பதையும் அவள் தெளிவாக எழுதியிருக்கிறாள். பெரியவர்கள் பலருக்கு இல்லாத நிதானம் அது. இரும்புத் துகளால் ஆன ஓர் ஊசி இவ்வளவு மெல்லிய, இவ்வளவு வேகமாக ஆடும் அலைகளைப் பொருட்படுத்தாது. ரேடிக்கல் சோடி பொருட்படுத்தக்கூடும். அதனால்தான் இதையும் வேதியியல் விளக்கத்துக்குச் சாதகமான சான்றாகக் கொள்கிறார்கள். (நம் நாட்டுக் காந்த ஆய்வகமே கேப் டவுனில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில்களின் தொல்லை தாங்காமல் 1941இல் ஹெர்மானசுக்குக் குடிபெயர்ந்தது, ராபின்களுக்கு அந்த வசதி இல்லை.)

இனி உங்கள் இரண்டாவது காரணம். வேதிப்பொருள்கள் எவையும் பயன்படுத்தப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திட்ட அறிக்கையின் 9ஆம் பக்கத்திலிருந்து 14ஆம் பக்கம் வரை படித்தீர்களா? மருந்துக் கடையில் வாங்கிய பி2 வைட்டமின் மாத்திரையை, அதாவது ரிபோஃபிளேவினை, நீரில் கரைத்து வடிகட்டியிருக்கிறாள். கிரிப்டோகுரோமுக்குள் இருக்கும் ஃபிளேவின் இதிலிருந்துதான் உருவாகிறது. பறவையும் நாமும் அதை உணவிலிருந்தே பெறுகிறோம். தந்தையின் கடையில் ராண்ட் நோட்டுகளைச் சோதிக்க வைத்திருக்கும் புறஊதா விளக்கை அந்தக் கரைசலின் மேல் பிடித்தால் அது பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கிறது. மிதிவண்டியின் சிவப்புப் பின்விளக்கைப் பிடித்தால் ஒளிர்வதில்லை. ராபின்கள் நீல, பச்சை ஒளியில் திசை அறிகின்றன, சிவப்பு ஒளியில் தடுமாறுகின்றன என்ற கண்டுபிடிப்போடு அவள் இதை ஒப்பிட்டிருக்கிறாள். பிறகு இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் அதே கரைசலை ஊற்றி, ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி, இரண்டையும் சன்னலோரத்தில் வெயிலில் வைத்திருக்கிறாள். சுற்றாத புட்டியின் மஞ்சள் வெளுத்துவிட்டது. சுற்றியது அப்படியே இருக்கிறது. ஒளி பட்டதால் ஒரு பொருள் வேறு பொருளாகிறது என்பதற்கு இதைவிட எளிய செய்முறையை நான் என் பணிக்காலத்தில் செய்து காட்டியதில்லை. இது வேதிப்பொருள் இல்லை என்றால் எது வேதிப்பொருள்? புகையும் நுரையும் வராத எதையும் வேதியியலாகக் கருதாத பழக்கம் நம் கண்காட்சிகளில் வெகுநாளாக இருக்கிறது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிய எரிமலைகள் ஆண்டுதோறும் பரிசு பெறுவதை நானும் நடுவராக இருந்து கைதட்டியிருக்கிறேன், ஆகையால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள்: 2021 சோதனை சோதனைக்குழாயில் நடந்தது, அதில் பயன்படுத்திய புலம் பூமியின் புலத்தைவிடப் பல மடங்கு வலியது, உயிருள்ள பறவையின் கண்ணில் இதுவே நடக்கிறது என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை, ராபின் இரவில் தனியே பறப்பது, தகைவிலான் பகலில் கூட்டமாகப் பறப்பது, எனவே ஒன்றின் முடிவை மற்றொன்றின் மேல் அப்படியே ஏற்றக்கூடாது. அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னது நான் அல்லன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. திட்டத்தை நிராகரித்த முடிவைத் திரும்பப் பெற்று, அதை வேதியியல் பிரிவிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். கருணை காட்டி வேறு பிரிவில் ஒரு மூலை ஒதுக்குவதை அவளும் விரும்பவில்லை, நானும் ஏற்கவில்லை. திட்டத்தை முழுவதும் படித்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பதையும், வேதியியல் பிரிவின் நடுவர்களில் ஒருவராவது வேதியியல் கற்பித்தவராகவோ அத்துறையில் பணியாற்றியவராகவோ இருக்க வேண்டும் என்பதையும் விதியாகச் சேருங்கள். உயிரினம் தொடர்பான தலைப்புகள் அனைத்தும் உயிரியல் பிரிவுக்கே உரியவை என்று உங்கள் விதிமுறையில் இருக்கும் வாசகத்தை நீக்குங்கள். அதை வைத்துப் பார்த்தால் செரிமானமும் நொதித்தலும்கூட வேதியியலுக்கு வெளியே போய்விடும். இனி எந்த மாணவரின் திட்டத்தைத் திருப்பி அனுப்பினாலும், காரணத்தை விளக்கமாக எழுதி, அவர் பதில் சொல்ல ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். இறுதியாக, வேதிப்பொருள் பயன்படுத்தப்படவில்லை என்ற பிழையான கூற்றைத் திருத்தி அந்த மாணவிக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அவளுடைய தந்தைக்கோ எனக்கோ எழுதினால் போதாது.

கண்காட்சிக்கு இன்னும் 19 நாள்கள் இருக்கின்றன. ஊசி தொங்கும் சட்டமும் இரண்டு புட்டிகளும் பதாகையும் என் வீட்டு முன்னறையில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. புறஊதா விளக்கைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உங்கள் பதில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெருலம், குவாசுலு-நட்டால்